எந்த ரிக்கார்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "சார், பேத்தி பாட்டு கத்துக்கறா. வீட்டிலேயே ரிக்கார்ட் பண்ண நல்ல மிஷினா ஒண்ணு சொல்லுங்களேன்." டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், கையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவன் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அதனால் மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள், மைக் வாங்குவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

நான் உடனே மாடல் பெயர் எதையும் சொல்வதில்லை. "வீட்டில் பழைய கேசட் ஏதாவது கிடக்கிறதா?" என்று திருப்பிக் கேட்பேன். பரணில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது என்பார்கள். "அதில் உங்கள் வீட்டு மனிதர்கள் பாடியது, பேசியது ஏதாவது?" கொஞ்சம் யோசிப்பார்கள். அம்மா பாடினது ஒன்று இருந்தது, மாமியார் நலங்குப் பாட்டு ஒன்று, அப்பா சதாபிஷேகத்தில் யாரோ டூ-இன்-ஒன்னில் பிடித்தது ஒன்று என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்படியானால் புது ரிக்கார்டருக்கு எடுத்து வைத்த பணத்தில் முதல் செலவு அந்தப் பெட்டிக்குத்தான் என்பது என் கட்சி. பேத்தி அடுத்த வருடமும் பாடுவாள், இன்னும் நன்றாகவே பாடுவாள். அந்தக் கேசட்டில் இருப்பவர் மறுபடி பாடப் போவதில்லை.

பெரிய வித்வான்களின் கச்சேரிகளைப் பற்றி எனக்கு அத்தனை கவலை இல்லை. ஆகாசவாணியில் இருக்கும், சபாக்காரர்களிடம் இருக்கும், ஊருக்கு நாலு ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்திருப்பார்கள். ஒருவரிடம் கெட்டால் இன்னொருவரிடம் கிடைக்கும். என் அத்தை 1983-ல் ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் பாடியது உலகத்தில் ஒரே ஒரு சோனி எச்எஃப் 60 கேசட்டில்தான் இருந்தது. துபாயில் இருந்து வந்த உறவினர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னை ஊஞ்சல் பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தது. அந்தப் பாட்டுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் வாய்வழியாக வைத்திருந்தது அத்தனையும். நடுவில் ஒரு குக்கர் விசில் வரும். அதை எடுத்துவிடலாமே என்று என் தங்கை மகன் கேட்டான். "விசில் இருக்கட்டும்டா, அது உன் பாட்டி வைத்த குக்கர்" என்றேன்.

இன்னும் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-ல். நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரை பிடித்தவை. ஈரப்பதமும் பூஞ்சையும் படாமல் இருந்தால் சாதாரண ஃபெரிக் டேப் ஆச்சரியப்படும்படி தாக்குப்பிடிக்கிறது. டேப்புக்கு முந்திச் சாவது அதை ஓட்டும் இயந்திரம். ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஆகிறது, பிஞ்ச் ரோலர் இறுகிப் போகிறது, மோட்டார் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டுகிறார்கள். 2019-ல் யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து காந்த நாடா பற்றி ஓர் எச்சரிக்கை விட்டன. 2025 வாக்கில் இந்த நாடாக்களை ஓட்டும் வசதி வழக்கொழிந்துவிடக்கூடும் என்பது அதன் சாரம். ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்து, ஓடும் நிலையில் நல்ல டெக் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் மிகைப்படுத்தவில்லை என்று புரியும்.

கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். நல்ல கடைகளும் உண்டு. ஆனால் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு கடையில் பன்னிரண்டு கேசட் கொடுத்தார். ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் எம்பி3, அதுவும் மிகக் குறைந்த தரத்தில். இரைச்சலை நீக்குகிறோம் என்று ஏதோ மென்பொருளில் போட்டு அரைத்ததில் தம்புரா இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விட்டது. அவருடைய அப்பாவின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருந்தது. நல்லவேளை, கேசட்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. மறுபடி எடுத்தோம். அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கேசட்டுக்கு இவ்வளவு என்று ரேட் பேசித் தொழில் நடத்துபவர் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு மணி நேரம் மினக்கெட முடியுமா? நாம் முடியும். ஓய்வு பெற்றவர்களிடம் அது ஒன்றுதானே தாராளமாக இருக்கிறது!

சரி, எப்படி என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டும் இயந்திரம். ஆன்லைனில் உள்ளங்கை அளவில் ஒரு யுஎஸ்பி கேசட் பிளேயர் விற்கிறார்கள். நேரே கம்ப்யூட்டரில் சொருகி எம்பி3 ஆக்கிவிடலாம் என்று விளம்பரம். வாங்காதீர்கள். இன்று புதிதாக வரும் பிளேயர்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பழைய ஜப்பானிய வடிவம் ஒன்றைப் பார்த்துச் செய்த மலிவு மெக்கானிசம். சுருதி அலையும். பேச்சுக்குப் பரவாயில்லை, நீட்டிப் பிடிக்கும் ஷட்ஜம் ஆடினால் காது கூசும். அந்தக் காசில் ஒரு பழைய நல்ல டெக்கைத் தேடுங்கள். உறவினர் வீட்டு ஷோகேஸில் டிவிக்குக் கீழே ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள், இடம் காலியாகிறதே.

வந்த டெக்கில் உடனே அத்தையின் கேசட்டைப் போடக் கூடாது. மூடியைத் திறந்து பெல்ட்டைப் பார்க்க வேண்டும். தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டினால் மாற்றியே ஆக வேண்டும். பிறகு சுத்தம். மருந்துக் கடையில் அல்லது எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். 70 சதவீதம் என்று விற்பதில் தண்ணீர் அதிகம். 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஹெட்டையும், அதன் பக்கத்தில் சுழலும் மெல்லிய எஃகுக் கம்பியான கேப்ஸ்டனையும் பஞ்சில் பழுப்பு வராத வரை துடையுங்கள். பிஞ்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளைக்கு நான் ஆல்கஹால் போடுவதில்லை, ரப்பர் காய்ந்துவிடும். ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த தண்ணீரில் நனைத்த துணி போதும், பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை. டேப்பைச் சுருட்டி விழுங்கும் வியாதி பாதி இதிலேயே தீரும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் வால்யூம் குமிழுக்குள் விடாதீர்கள். கரகரப்பு அன்றைக்கு நிற்கும், ஆறு மாதத்தில் தூசி சேர்ந்து குமிழே போய்விடும். அதற்கென்று காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே விற்கிறார்கள்.

அடுத்து, யாரும் செய்யாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை. ஹெட்டின் இரண்டு பக்கமும் சின்னத் திருகுகள் இருக்கும். அதில் ஸ்பிரிங் வைத்த, சில சமயம் பெயின்ட் தொட்டு வைத்த திருகு ஹெட்டின் சாய்வை மாற்றுவது. அசிமுத் என்பார்கள். கேசட் ஒரு மிஷினில் பதிவாகி இன்னொரு மிஷினில் ஓடும்போது இரண்டு ஹெட்டின் சாய்வும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால்தான் பழைய கேசட் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. டேப் கெட்டுவிட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரால், டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் திருகை இம்மியளவு இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஓரிடத்தில் 'ச' உச்சரிப்பும் ஜால்ராச் சத்தமும் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்த வேண்டும். திருப்புவதற்கு முன் பழைய நிலையை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின்னால் கம்ப்யூட்டரில் டிரெபிளைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், போனது திரும்பாது.

வேகம் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, கடையில் வாங்கிய ஏதாவது ஒரு பழைய இசைக் கேசட். அதே பதிவு இன்று இணையத்திலோ சிடியிலோ இருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட விட்டுக் கேளுங்கள். சுருதி ஒட்டவில்லை என்றால் மோட்டாரின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே வேகத்தைச் சரிசெய்யும் திருகு. வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும்.

ஆனால் டெக் சரியாக ஓடினாலும் கேசட்டில் உள்ளது தவறாக இருக்கலாம். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டில் பாட்டரியில் ஓட்டித்தான் பதிவு செய்வோம். பாட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பிடித்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாடுபவர் குழந்தைக் குரலில் பறப்பார். என் அத்தையின் கேசட்டில் பக்கம் பி முழுவதும் அப்படித்தான் இருந்தது. அத்தை எப்போதும் ஐந்து கட்டை, ஹார்மோனியம் வைத்துப் பாடியவர். கடைசிப் பாட்டு ஆறு கட்டையைத் தாண்டிப் போயிருந்தது. அவருக்கு எழுபது வயதில் அது நடக்காத காரியம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாட்டாக வேகத்தைக் குறைத்து ஐந்து கட்டைக்குக் கொண்டுவந்தபோதுதான் அவர் குரலில் இருந்த அந்த மெல்லிய நடுக்கம் திரும்பி வந்தது. வேகமாக ஓடியபோது அது கமகம் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டுப் பாட்டி எத்தனை கட்டை என்று தெரிந்தவர்கள் இன்னும் யாராவது இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் எந்த மென்பொருளிலும் இல்லை.

கேசட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கண்ணாடி வழியாக டேப் சுருளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளியோ பொடியோ தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் சகஜம். அதை நல்ல டெக்கில் போடாதீர்கள், மற்றக் கேசட்டுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதை மட்டும் தனியாகப் பிரித்து, பைக்குள் போட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. டேப்புக்குப் பின்னால் ஸ்பிரிங்கில் ஒட்டிய ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும். அது விழுந்திருந்தால் சத்தம் வந்தும் வராமலும் இருக்கும். வேண்டாத ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டிலிருந்து எடுத்து மாட்டலாம். திருகு வைத்த கேசட் திறப்பது சுலபம். ஒட்டி மூடியதென்றால் கூட்டை உடைத்துத் திறந்து, டேப்பைத் திருகு வைத்த வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியதுதான். அறுந்த டேப்பைச் செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டி, ஹெட்டையும் நாசம் செய்யும். இதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் உண்டு. சி-120 கேசட் இருந்தால் கூடுதல் கவனம். இரண்டு மணி நேரம் அடைப்பதற்காக நாடாவை மிக மெல்லியதாகச் செய்திருப்பார்கள், சிக்கிக்கொண்டால் இழுபட்டுப்போகும்.

பல வருடம் ஓடாத கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரிக்கார்ட் பட்டன் அழுந்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு என்றதும் எல்லோரும் லேப்டாப்பின் மைக் ஓட்டையில் ஒயரைச் சொருகுகிறார்கள். அது மைக்குக்கான ஓட்டை, டெக்கின் சத்தம் அதற்கு அதிகம், பெரும்பாலும் ஒற்றைச் சேனல் வேறு. இந்த இடத்தில்தான் பேத்திக்கு வாங்கலாம் என்றிருந்த ரிக்கார்டர் உள்ளே வருகிறது. ஜூம், டாஸ்காம் போன்ற கம்பெனிகளின் கைக்கடக்கமான ஸ்டீரியோ ரிக்கார்டர்கள் சுமார் பத்தாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், ஜூம் எச்1என் மாதிரி உள்ளவற்றில் மைக்கும் உண்டு, லைன்-இன் துளையும் உண்டு. டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து ஒரு ஒயர், அவ்வளவுதான். பழைய கேசட்டுக்கும் அதுவே, பேத்தியின் பாட்டுக்கும் அதுவே. வாங்கும்போது லைன்-இன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்வதற்கென்றே வரும் அலுவலக ரிக்கார்டர்கள் வேறு ஜாதி, அவை நமக்கு உதவாது.

பதிவை வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். நான் மேலே சொன்ன சர்வதேச சங்கமும் குறைந்தபட்சம் என்று சொல்வது இதைத்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். ஒரு 90 நிமிடக் கேசட் ஒன்றரை ஜிபி. இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் இது ஒன்றுமே இல்லை. இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஃபிளாக் கோப்பாக மாற்றலாம், எதுவும் இழக்காமல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். எம்பி3 உறவினர்களுக்கு அனுப்ப மட்டும். இரைச்சல் நீக்குவது, வேகம் திருத்துவது எல்லாம் நகலில்தான், முதல் பதிவைத் தொடக் கூடாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் நமக்குத் தாராளமாகப் போதும்.

இனி பேத்திக்கு வருவோம்.

என் தங்கை மகன் ஒரு கிட் வாங்கச் சொன்னான். பெரிய கண்டென்சர் மைக், அதைப் பிடிக்க ஒரு கை, முன்னால் வலை, பின்னால் பஞ்சு மறைப்பு, யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். "மாமா, ஸ்டூடியோவிலே இதுதான் இருக்கு" என்றான். ஸ்டூடியோவில் இருப்பது மைக் மட்டும் அல்லவே, சத்தமில்லாத ஓர் அறையும் இருக்கிறது. நம் ஃப்ளாட் ஹாலில் அந்த மைக்கை வைத்தால் அடுத்த வீட்டு மிக்ஸி, கீழே தண்ணீர் மோட்டார், தெருவில் கீரைக்காரர் எல்லோரும் பக்கவாத்தியம் வாசிப்பார்கள். 48 வோல்ட் பேன்டம் பவர் வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பாதுகாக்கத் தெரியாவிட்டால் சில வருடங்களில் படபடவென்று பொரியத் தொடங்கும். மேடையில் எல்லோரும் பிடிக்கும் ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் இன்னும் முரடு, கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால்தான் பேசும், வீணைக்கு அது சரிவராது. வீட்டுப் பாட்டுக்கு அந்தக் கைக்கடக்க ரிக்கார்டரில் இருக்கும் மைக்கே போதும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

போனிலேயே பண்ணலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் மைக் மோசமில்லை. பிரச்சினை உள்ளே இருக்கும் புத்திசாலித்தனம். பேச்சைத் தெளிவாக்குவதற்காக, மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் எதையும் அது இரைச்சல் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். மாறாமல் ஒலிப்பதுதானே தம்புரா! வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் இன்னும் நசுங்கும். போன்தான் கதி என்றால் வேவ் கோப்பாகச் சேமிக்கும் ரிக்கார்டர் செயலியைப் போட்டு, இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

ரிக்கார்டரிலும் இதே போல ஒரு கண்ணி உண்டு. ஆட்டோ லெவல் என்று ஒரு வசதி. கட்டாயம் அணைக்க வேண்டும். அது இருந்தால் பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் தம்புரா பொங்கி எழும், மிருதங்கத்தில் ஒரு அடி விழுந்தால் குரல் பள்ளத்தில் இறங்கும். பேத்தியிடம் உச்ச ஸ்தாயியில் அவளால் முடிந்த அளவு உரக்கப் பாடச் சொல்லுங்கள். மீட்டரில் அதன் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கையால் வைத்துவிடுங்கள். 24 பிட்டில் இது தாராளம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். இப்போது சில மாடல்களில் 32 பிட் ஃப்ளோட் என்று வருகிறது, லெவலே வைக்க வேண்டாம் என்கிறார்கள். உண்மைதான், வசதிதான். ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை அதுவும் காப்பாற்றாது.

மிச்சம் எல்லாம் இடம் பார்த்து வைப்பதில்தான். ஃபேனை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜையும் அரை மணி நேரம் நிறுத்தலாம், மறுபடி போட மறக்காமல் இருக்கக் கார் சாவியை அதற்குள் வைப்பது என் வழக்கம். தரையில் ஜமக்காளம், ஜன்னலுக்குத் திரை, துணி அடைத்த பீரோ இருக்கும் படுக்கையறை என்றால் ஹாலைவிட நல்லது. ரிக்கார்டரைத் தரையிலோ மேஜையிலோ நேரடியாக வைக்காமல் சின்ன முக்காலியில் மடித்த துண்டின் மேல், பாடுபவருக்கு இரண்டரை, மூன்றடி தூரத்தில், வாய்க்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். சுருதிப் பெட்டியைப் பாடுபவருக்குப் பின்னால் தள்ளுங்கள். முன்னால் வைத்தால் பதிவில் அதுதான் பிரதானமாகக் கேட்கும். ஹெட்போன் மாட்டி ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆயிரம் ரூபாய் ஜமக்காளம் செய்வதை முப்பதாயிரம் ரூபாய் மைக் செய்யாது. கேட்டவர்கள் பலர் நம்பவில்லை, இரண்டு பேர் செய்து பார்த்துவிட்டு நம்பினார்கள்.

வாங்கியதைக் காப்பதில் பெரிய வித்தை இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அரிசி போடுங்கள் என்பார்கள், வேண்டாம், மாவு உள்ளே போகும். பாச்சை உருண்டை கூடவே கூடாது. நாப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக வைக்கும், கேசட் பெட்டிகளும் அதில் சேர்த்தி. ஒரு வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். எங்கள் தெருவில் நான் பார்த்த செத்த ரிக்கார்டர்களில் பாதி பாட்டரி கசிந்து செத்தவை. மெமரி கார்டை அந்த ரிக்கார்டரிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். ஒயரை முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல் வளையமாக விட வேண்டும்.

கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில். என்னுடையது ஒன்று பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எல்லா டிஸ்க்கையும் மாட்டித் திறந்து பார்க்க வேண்டும். ஓடாமலே கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கும் கெடும், பத்து வருடத்துக்கு முன் சிடியில் எழுதியதை நம்பவே வேண்டாம். கோப்புக்கு 'டிராக் 01' என்று பெயர் வைக்காமல் யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம், யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு குறிப்பும் கூடவே எழுதுங்கள். இது தெரிந்தவர்கள் இப்போது எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள். புதுப் பதிவென்றால் தொடங்கும்போதே தேதியையும் பாடுபவர் பெயரையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

பேத்தியின் வர்ணத்தைப் பதிவு செய்ய உட்காரும் அன்றைக்கே, அறை அமைதியாக இருக்கும்போதே, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரையும் உட்கார வைத்துவிடலாம். குரல் போய்விட்டது, எனக்கெதுக்கு என்பார்கள். எங்கள் மாடியில் இருக்கும் பாட்டியும் அப்படித்தான் சொன்னார். சும்மா வரியை மட்டும் சொல்லுங்கள், பாட வேண்டாம் என்றோம். இரண்டாவது வரியிலேயே பாட ஆரம்பித்துவிட்டார். நாற்பது நிமிடம், ஒன்பது பாட்டு.

மாற்றி முடித்த கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல முறை வரலாம். நின்ற வாக்கில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல், ஈரம் படாத அலமாரியில் இருக்கட்டும்.

என் டெக்கின் பிஞ்ச் ரோலர் இந்த மழைக்காலத்தோடு ஓய்ந்துவிடும் போலிருக்கிறது. 13 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் அச்சு. உங்களில் யாரிடமாவது பழைய டெக் ஏதாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இன்னும் பதினாறு கேசட் பாக்கி இருக்கிறது, அதில் நான்கு என்னுடையவை இல்லை.